கடிகாரம் 2009க்குத் திரும்பிய கணினி: ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது 2010இல் வாங்கிய மேசைக் கணினி இன்னும் வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் 7. அப்பா போன வருடம் தவறிவிட்டார். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. வேறு நகல் இல்லை. சில வாரங்களாகக் கடிகாரம் தப்புத் தப்பாகக் காட்டியது. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ என்று எச்சரிக்கை வந்தது. தீபாவளிக்கு ஈப்போ போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்து போட்டால், தேதி 2009 ஜனவரி 1. எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் சின்னம் வருகிறது, நீலத் திரை ஒரு நொடி மின்னி மறைகிறது, மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது. கடையில் காட்டினேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்தால் சரியாகும் என்றார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. ஃபார்மட் என்றால் டிஸ்கில் உள்ளதை அழிப்பது. உங்கள் படங்கள் அப்படியே இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கடையில் சொன்னதையே யோசித்துப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே போயிருந்தால் ஃபார்மட் செய்து அதைப் பிழைக்க வைக்க முடியாது. ஃபார்மட் செய்து ஓட்ட முடியும் என்றால் டிஸ்க் போகவில்லை. இன்னொன்று, நீங்கள் பார்த்த விண்டோஸ் சின்னம் அந்த ஹார்ட் டிஸ்கிலிருந்துதான் வருகிறது. அதுவரை டிஸ்க் ஒழுங்காகப் படிக்கப்படுகிறது என்று அர்த்தம். அப்படியானால் அதற்கு அடுத்த நொடியில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தேதி. கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில் ஐம்பது சென் காசுபோல வட்டமான ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பதும், பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை மறக்காமல் வைத்திருப்பதும் அதன் வேலை. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அதற்குள் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு வேலை வராது. நம் ஊரில் இடி மின்னலுக்குப் பயந்து தினமும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அது நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அதனால் பேட்டரி சீக்கிரம் தேயும். நீங்கள் ஈப்போவில் இருந்த இரண்டு வாரமும் தேய்ந்துபோன அந்தப் பேட்டரிதான் தனியாகத் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. இணையத்தள எச்சரிக்கையும் இதே கதைதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். கணினியின் தேதி பல வருடம் பின்னால் போனால், எந்தச் சான்றிதழும் செல்லாது என்றுதான் அது நினைக்கும்.

சரி, கடிகாரம் நின்றதற்கும் விண்டோஸ் கிளம்பாததற்கும் என்ன தொடர்பு? பேட்டரி போனதும் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்தபடி ஆகிவிடுகிறது. அந்த அமைப்புகளில் ஒன்று, ஹார்ட் டிஸ்குடன் எந்த முறையில் பேசுவது என்பது. ஏஎச்சிஐ (AHCI), ஐடிஇ (IDE) என்று இரண்டு முறைகள். சில போர்டுகளில், பல டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு (RAID) என்று மூன்றாவதும் உண்டு. அந்தக் காலத்துப் பல போர்டுகள் தொழிற்சாலையிலிருந்து ஐடிஇ முறையில்தான் வரும். உங்கள் கணினியை அமைத்தவர் அதை ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டு விண்டோஸ் 7 போட்டிருக்கலாம். விண்டோஸ் 7 தன்னைப் போடும்போது எந்த முறை இருந்ததோ அதற்கான டிரைவரை (டிஸ்குடன் பேச உதவும் சிறு மென்பொருளை) மட்டும் விழித்திருக்க வைத்து, மற்றதைத் தூங்க வைத்துவிடும். கணினி கிளம்பும் முதல் சில நொடிகள் டிஸ்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். சின்னம் வருவது அதனால்தான். அப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரை வைத்து டிஸ்கைத் தேடுகிறது. முறை மாறிப்போனதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அங்கேதான் நீலத் திரை.

இதை உறுதிசெய்துகொள்ளலாம். கணினியைப் போட்டதும் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் ‘டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இனி நீலத் திரை மறையாமல் நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்து, ‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அது 7பி (7B) என்று முடிந்தால் நான் சொன்னதுதான் பெரும்பாலும் காரணம். 24 அல்லது இடி (ED) என்று முடிந்தால் டிஸ்கிலோ அதன் கோப்பு அமைப்பிலோ கோளாறு. பேட்டரியை விட்டுவிட்டு நேராகக் கீழே, டிஸ்கைக் கழற்றிப் படங்களை எடுக்கும் பகுதிக்குப் போங்கள். ஒரு விஷயம், கணினி தானாகவே ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ ஓட்டட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பயாஸில் மாறிய அமைப்பை அது திருத்தாது.

பேட்டரி மாற்றுவது பத்து நிமிட வேலை. சுவர் சுவிட்சை அணைத்து, வயரை உருவி, கணினியின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கணினியின் இரும்புச் சட்டத்தைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். பழைய பேட்டரி இருந்த விதத்தைப் படம் எடுத்துக்கொண்டு, ஓரத்துக் கொக்கியை மெதுவாகத் தள்ளினால் அது எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வையுங்கள். கைக்கடிகாரக் கடையிலும் பேரங்காடியிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். சிஆர்2025 கொடுத்தால் வாங்காதீர்கள், அது மெல்லியது, சரியாகப் பொருந்தாது. பழையதை உடனே டேப் சுற்றி எடுத்து வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதை நான் கெஞ்சியே சொல்வேன்: விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

மூடும் முன் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். பினாங்கின் ஈரக் காற்றில் மதர்போர்டில் செருகியிருக்கும் மெமரி கார்டின் (ரேம்) தங்கப் பற்கள் மங்கிவிடும். கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் பொருத்தலாம். எறும்பு, பல்லி, அவற்றின் எச்சம் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், வயரை உருவிய பிறகும் அதில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இப்போது கணினியைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். ‘சாட்டா மோடு’ (SATA Mode; சாட்டா என்பது ஹார்ட் டிஸ்கை இணைக்கும் முறையின் பெயர்) என்ற வரியைத் தேடி, ஐடிஇ என்றிருந்தால் ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். விண்டோஸ் வரவில்லையா? ஐடிஇ அல்லது ரெய்டு வைத்துப் பாருங்கள். இந்த வரியை மாற்றுவதால் ஒரு படம்கூட அழியாது. ரெய்டு வைத்தபோது டிஸ்குகளைச் சேர்க்கும் தனித் திரை எதுவும் வந்தால் மட்டும் அதில் கை வைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

விண்டோஸ் வந்தவுடன் வேறு எதையும் தொடாமல் அப்பாவின் படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். ஆயர் ஈத்தாமில் ஒரு குடும்பம், கணினி சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் இதைத் தள்ளிப்போட்டது. அடுத்த மாதம் டிஸ்க் நிஜமாகவே நின்றுபோனது. அந்த அம்மா என் முன்னால் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

விண்டோஸ் வரவே இல்லை என்றாலும் படங்களுக்கு வழி உண்டு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் மூலம் ஒரு மடிக்கணினியில் செருகலாம். மேசைக் கணினியின் பெரிய டிஸ்குக்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி அவ்வளவு தராது, ஆகவே தனி மின்செருகி உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’, ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்று எது கேட்டாலும் மறுத்துவிடுங்கள். டிஸ்க் டக், டக் என்று ஒரே சீராகத் தட்டினால் அந்த நிமிடமே அணைத்துவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவரிடம் கொண்டுபோங்கள். தட்டும் டிஸ்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் படங்களுக்குச் சேதம்.

கணினி பிழைத்துக்கொண்டாலும் அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படம் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

7பி, 24, இடி இவை எதுவும் இல்லாமல் வேறு எண் வந்தால், அந்த நீலத் திரைப் படத்தையும் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.