வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஏன் இன்னும் மருந்து இல்லை? இறால் ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருடமாக என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் தன் மாமாவின் வன்னமி இறால் குளத்தில் 40ஆம் நாள் வெள்ளைப்புள்ளி வந்து எல்லாம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அடுத்த பட்டத்துக்கு 'வைரஸை நிறுத்தும் மருந்து' என்று ஒருவர் கொண்டுவந்து காட்டுகிறாராம், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேதாரண்யம் பக்கம். 1995இல் என் சித்தப்பா டைகர் இறால் விட்டிருந்தார். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஒருநாள் விடியற்காலையில் கரை முழுக்கக் காக்கா. கிட்டப் போய்ப் பார்த்தால் இறால் எல்லாம் ஓரத்துக்கு வந்து சோர்ந்து கிடக்கிறது. தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளி. அந்த வாரமே குளம் காலி. ஆனால் அந்த வாரத்துக்குள் சித்தப்பா வட்டிக்குப் பணம் வாங்கி மூட்டை மூட்டையாக ஆன்டிபயாடிக் கொட்டினார். இறால் போனதைவிட அந்தக் கடன்தான் அவரை அதிக வருடம் வாட்டியது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸை ஒன்றும் செய்யாது என்று அவருக்குச் சொல்ல அன்று எங்கள் ஊரில் ஆள் இல்லை. நான் இந்தத் துறைக்குப் படிக்க வந்ததே அதனால்தான். இன்று குளங்களுக்கு டெக்னீசியனாகப் போகிறேன்.

சரி, ஏன் மருந்து இல்லை? மீனுக்குத் தடுப்பூசி உண்டு. நார்வேயில் 1987இல் சால்மன் பண்ணைகளுக்குக் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் போனது. தடுப்பூசி வந்ததும் பத்தே வருடத்தில் அது ஒரு டன்னை ஒட்டி இறங்கிவிட்டது. நம் கொடுவா மீனுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஏனென்றால் மீனின் உடம்பு ஒரு கிருமியைப் பார்த்தால் அதற்கென்றே எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும், அடுத்த முறை ஞாபகம் வைத்துத் தாக்கும். இறாலுக்கு அந்த எதிர்ப்புப் பொருளே கிடையாது. பொதுவான தற்காப்பு மட்டும்தான். நமக்குப் போடுவது மாதிரி ஊசி போட்டு அதன் உடம்புக்குப் பாடம் சொல்லித்தர முடியாது.

ஆராய்ச்சிக்கூடத்தில் வழி இல்லாமல் இல்லை. வைரஸின் மரபணுவுக்கு ஏற்ற இரட்டை இழை ஆர்என்ஏவை (அந்த மரபணுவை வேலை செய்ய விடாமல் தடுக்கும் மூலக்கூறு) ஊசியாகப் போட்டால் இறால் பிழைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் வன்னமியை நம் நாட்டில் சதுர மீட்டருக்கு 60 வரை விடலாம். ஒரு ஹெக்டேரில் 6 லட்சம் இறால். யார் ஊசி போடுவது? தீவனத்தில் கலந்தால் குடலிலேயே சிதைந்து விடுகிறது, செலவும் கட்டுப்படியாகாது. இதைக் கடந்துவர இன்னும் பாடுபட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 2009இல் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று ஒரு நோய் பரவியது. குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் இறால் செத்தது. ஈஎம்எஸ், அதாவது சீக்கிரமே சாகடிக்கும் நோய், என்று பேர் வைத்தார்கள். வைரஸா, தீவனமா, நண்டைக் கொல்லப் போட்ட பூச்சிமருந்தா என்று தெரியாமல் வருடக்கணக்கில் தடுமாறினார்கள். 2013இல்தான் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரும் அவரிடம் படித்த வியட்நாம்காரர் லோக் டிரானும் பிடித்தார்கள்: சாதாரணமாகக் கடலில் இருக்கிற ஒரு விப்ரியோ பாக்டீரியாதான். அது இறாலின் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு விஷத்தைக் கக்க, அந்த விஷம் இறாலின் கல்லீரல்-கணையத்தைச் சிதைக்கிறது. விஷம் செய்யும் மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) இருக்கிறது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் அதற்கென்று பிசிஆர் டெஸ்ட் (கிருமியின் மரபணுவைத் தேடிக் காட்டும் சோதனை) வந்தது, தாய் இறாலையும் குஞ்சையும் வடிகட்ட முடிந்தது. மருந்து வரவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. குளத்துக்காரருக்கு இது மருந்துக்குக் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

வெள்ளைப்புள்ளியிலும் அப்படித்தான். நண்டு வழியாக வருகிறது என்று கண்டுபிடித்ததால்தான் இன்று குளத்தைச் சுற்றி நண்டு வேலி. நோய்ப்பட்ட இறாலைப் பறவை அடுத்த குளத்தில் போட்டுவிடும், அதனால் மேலே வலை. தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் இந்த வைரஸ் அடங்கிவிடுகிறது என்பதும் சோதித்துத் தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் குளிர்ந்த பிறகு நோய் வெடிப்பதை நம் ஆட்கள் அனுபவத்தில் சொல்வார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மாமா எந்த மாதம் குஞ்சு விட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2009இல் வன்னமிக்கு அனுமதி கொடுத்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகுதான் ஹேச்சரிக்கு (குஞ்சு பொரிக்கும் இடம்) விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். அது எஸ்பிஎஃப் இறால். குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாதது என்று அர்த்தம், நோயைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. 'எஸ்பிஎஃப் குஞ்சுதானே விட்டேன், எப்படிச் செத்தது?' என்று என்னிடம் கேட்காத விவசாயி இல்லை. சுத்தமான குஞ்சை அழுக்குக் குளத்தில் விட்டால் சாகத்தான் செய்யும். எக்வடோரில் வேறு வழியில் போனார்கள். 1999இல் வெள்ளைப்புள்ளி அவர்களையும் அடித்துப் போட்டது. குளத்தில் பிழைத்துக் கிடந்த இறாலையே தாயாக எடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள், நெருக்கமாக விடாமல் பரவலாக வளர்த்தார்கள். 2022இல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருபது வருடப் பொறுமை இருக்கிறது.

இப்போது மாமா செய்ய வேண்டியது. குளத்தை வெடிப்பு விடும் வரை காய விடுங்கள். குஞ்சு வாங்கும் முன் ஹேச்சரி காட்டும் சீட்டை மட்டும் நம்பாமல், நீங்களே சாம்பிள் எடுத்து வெள்ளைப்புள்ளிக்கும் இஎச்பிக்கும் (இறாலை வளர விடாமல் செய்யும் ஒரு ஒட்டுண்ணி) பிசிஆர் பாருங்கள். ரிசல்ட் வரும் வரை அட்வான்ஸ் தராதீர்கள். தண்ணீரைத் தனிக்குளத்தில் தேக்கி, பிளீச்சிங் போட்டு, குளோரின் போன பிறகு ஏற்றுங்கள். மருந்துக்கு வைத்திருக்கிற பணத்தை நண்டு வேலிக்குச் செலவழியுங்கள்.

அப்புறம், மறுபடியும் நோய் வந்தால் அவசரப்பட்டு மதகைத் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். 1995இல் எங்கள் சித்தப்பா அதைத்தான் செய்தார். அடுத்த பத்து நாளில் கீழே இருந்த நான்கு குளமும் போனது. மதகை அடைத்து, பிளீச்சிங் போட்டு, தண்ணீரை அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கே பக்கத்துக் குளத்துக்காரர்களுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.