அந்தச் சிறுவர்கள் பவுலஸின் பிள்ளைகள் அல்ல

கேள்வி: ரோமானிய கான்சல் (ஆட்சித் தலைவர்) பவுலஸ் கி.மு. 168-இல் தன் குடும்பத்தோடு நிற்பதுபோல் வெளியிட்ட வெள்ளிக்காசு என்று ஒரு தரகர் சான்றிதழோடு தருகிறார். வாங்கலாமா?

காசின் படத்தை வைத்து வெள்ளி அசலா என்று சொல்ல முடியாது. தரகர் சொல்லும் கதை தப்பு என்று சொல்ல முடியும்.

பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பத்தில் எதிரியின் கவசம் தொங்குகிறது. வலப்பக்கம் தனியாக நிற்பவர்தான் பவுலஸ். இடப்பக்கம் நிற்கும் ஆளும் இரண்டு சிறுவர்களும் அவர் குடும்பம் இல்லை. பிட்னா போரில் அவரிடம் தோற்ற மாசிடோனிய அரசன் பெர்சியஸும் அவன் மகன்களும், கைதிகள்.

பவுலஸுக்கு நான்கு மகன்கள். மூத்த இருவரை வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார். பிற்பாடு வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை அழித்த சிப்பியோ எமிலியானஸ் அவர்களில் ஒருவர். வீட்டுப் பெயர் சொல்ல வைத்துக்கொண்ட இளையவர்களில் ஒருவன், கி.மு. 167-இல் நடந்த வெற்றி ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்பு இறந்தான். மற்றவன் ஊர்வலம் முடிந்த மூன்றாம் நாள். ஒருவனுக்கு வயது 14, இன்னொருவனுக்கு 12. பெர்சியஸின் பிள்ளைகள் ஊர்வலத்தில் நடந்தார்கள், ஜெயித்தவர் வீட்டில் வாரிசு மிஞ்சவில்லை.

அப்புறம் காசை அடித்தது யார்? நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, கி.மு. 62-இல், எமிலியஸ் குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த லெபிடஸ் பவுலஸ். பழைய பெருமையைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். அசல் பவுலஸ் கி.மு. 160-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். விற்பனைப் பட்டியலில் ‘பவுலஸ்’ என்று மட்டும் போட்டு ஆண்டை விட்டுவிடலாம். தரகர்களுக்கு அது போதும். சான்றிதழா? பிரின்டர் இருந்தால் நானும் தருவேன்.

எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஓரத்தில் வார்ப்புக் கோடு (உருக்கி ஊற்றிய அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த தடம்) தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். ரோமில் இவற்றை அச்சில் வைத்து அடித்தார்கள், வார்க்கவில்லை. எடை குறைந்தாலே இன்றைய போலி என்றும் முடிவுகட்டாதீர்கள். செம்பின் மேல் வெள்ளித் தோல் போர்த்திய கள்ளக்காசுகளை அந்தக் காலத்திலேயே அடித்தார்கள். தோல் உரிந்த இடத்தில் செம்பு தெரியும். போலிதான், ஆனால் பழைய போலி. அதற்கும் வாங்குபவர்கள் உண்டு. வெள்ளிக்காசு விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

முதலில் சான்றிதழில் கி.மு. 62 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பணத்தை எடுக்காதீர்கள்.