கொலம்பஸில் கார் இல்லாமல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் அமெரிக்கக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. அலுவலகம் டவுன்டவுனில். அக்டோபரில் நான் மட்டும் போகிறேன். முழுப்பரீட்சை முடிந்ததும் கணவரும் ஏழு வயது மகளும் வருவார்கள்.

எனக்கு விழித்திரையில் ஒரு நோய். இருட்டில் சரியாகத் தெரியாது. பக்கப் பார்வையும் குறைந்துகொண்டு வருகிறது. கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, ரயிலும் ஆட்டோவும் இருந்தன. கொலம்பஸில் இருக்கும் அலுவலக நண்பர்களைக் கேட்டால், “கார் இல்லாம அங்க ஒண்ணும் பண்ண முடியாது. டப்ளின் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, அங்கயே வீடு எடுத்துக்கோ, யாராவது ரைடு குடுப்பாங்க” என்கிறார்கள். யோசிக்க யோசிக்கப் பயமாக இருக்கிறது. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் அந்த ஊரில் கார் ஓட்டாமலே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர,

தாராளமாகப் போங்கள். ஆனால் டப்ளினில் வீடு எடுக்காதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

உங்கள் நண்பர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். டப்ளினில் பள்ளிகள் நன்றாக இருக்கும், பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும், தீபாவளிக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தப் புறநகர்ப் பகுதிகளைக் கட்டும்போதே எல்லா வீட்டிலும் கார் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கட்டினார்கள். குடியிருப்புக்குள் தெருக்கள் வளைந்து வளைந்து போய் முட்டி நின்றுவிடும். வெளியே வந்தால் ஐந்து லேன் சாலை. கடை அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும், கடந்து போக வழி இருக்காது. பஸ் எட்டும் இடங்களும் மிகக் குறைவு.

அப்புறம் அந்த ரைடு. முதல் மாதம் எல்லாரும் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள். பனிக்காலம் தொடங்கும்போது, கேட்பதற்கு உங்களுக்கே தயக்கம் வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படி ஒரு குடியிருப்பில் இருந்தார். திங்கட்கிழமை கொத்தமல்லி தீர்ந்தால் அதை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைப்பார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பும்போது அந்தச் சீட்டோடு போவார். அவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு நேரம்தான் இவருக்குக் கடை. கையில் நல்ல சம்பளம், ஆனால் ஒரு செருப்பை நிதானமாகப் பார்த்து வாங்க முடியவில்லை. நீங்கள் அந்த இடத்தில் போய் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு வலிப்பு உண்டு, அதனால் நானும் ஓட்டியதில்லை. கொலம்பஸில் நான் சமாளித்ததற்குக் காரணம் தைரியம் எல்லாம் இல்லை. குடியிருந்த தெரு. ஹை ஸ்ட்ரீட் என்று ஒரு சாலை வடக்கு தெற்காக நகரத்தின் நடுவே ஓடுகிறது. 1948 வரை கொலம்பஸில் டிராம் ஓடியது. ஷார்ட் நார்த், கிளின்டன்வில் எல்லாம் அந்த டிராம் பாதையை ஒட்டி வளர்ந்த பகுதிகள். டிராமில் இறங்கி வீட்டுக்கு நடந்துபோகிறவர்களுக்காகக் கட்டியதால் தெருக்கள் குறுகல், கடைகள் நடைபாதையை ஒட்டியே இருக்கும், எங்கேயும் ஓரளவுக்கு நடந்தே போய்விடலாம். டிராம் போய்விட்டது, ஆனால் அந்தத் தெரு அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஷார்ட் நார்த்தில் சாலைக்குக் குறுக்கே விளக்கு வளைவுகள் வரிசையாக நிற்கும், அந்தக் காலத்து வளைவுகளின் நினைவாக வைத்தவை.

அந்த ஹை ஸ்ட்ரீட்டில் 2ஆம் எண் பஸ் டவுன்டவுனுக்கு அடிக்கடி ஓடுகிறது. அதே பஸ் கிழக்கே மெயின் ஸ்ட்ரீட் வழியாக பெக்ஸ்லி என்ற பகுதிக்கும் போகும். பிராட் ஸ்ட்ரீட்டில் 10ஆம் எண். கிளீவ்லேண்ட் அவென்யூவில் 2018 ஜனவரியில் தொடங்கிய சிமேக்ஸ் என்ற விரைவு பஸ். ஊரில் பஸ் விடுவது கோட்டா என்ற அமைப்பு. டிக்கெட் 2 டாலர். செயலியிலோ கார்டிலோ கட்டினால் ஒரு நாளைக்கு 4.50க்கு மேலும் மாதத்துக்கு 62க்கு மேலும் எடுக்க மாட்டார்கள். டவுன்டவுனில் வேலை பார்ப்பவர்களுக்கு இலவசமாகப் பாஸ் தரும் சி-பாஸ் என்ற திட்டம் ஒன்றும் 2018ல் வந்தது. அது இன்னும் நடக்கிறதா, உங்கள் அலுவலகம் அதில் இருக்கிறதா என்று எச்.ஆரிடம் முதல் வாரமே கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அந்த முகவரியிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு பஸ் எப்படி என்று பார்த்து ஏமாறாதீர்கள், அந்த நேரத்தில் பல இடங்களிலும் பஸ் இருக்கும். ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். அப்போது அரை மணிக்கு ஒரு பஸ்ஸாவது வந்தால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். இன்னொன்று, போகும்போது ஏறும் ஸ்டாப் வீட்டு வாசலிலேயே இருக்கும், திரும்பும்போது சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிக்னல் இருக்கிறதா, தெருவிளக்கு இருக்கிறதா என்று கூகுள் வீதிப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு இது வாடகையைவிட முக்கியம்.

சிக்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒஹாயோவில், பலகை வைத்துத் தடுக்காத இடங்களில், சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம். அப்படித் திரும்பும் ஓட்டுநர் தன் இடது பக்கத்திலிருந்து கார் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் நடைபாதையிலிருந்து இறங்கும் நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள். நடப்பவர்கள் கடக்கலாம் என்று காட்டும் வெள்ளை விளக்கு உங்களுக்கு எரிந்தாலும் சரி, அந்த முதல் கார் முழுசாக நின்றதா என்று தலையைத் திருப்பிப் பாருங்கள். பக்கப் பார்வை குறைந்தவர்கள் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வெள்ளைக் கோல் வைத்துக்கொள்ள டாக்டர் சொன்னால் கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கோலோடு வரும் பார்வையற்றவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

நீங்கள் போகும் மாதம்தான் எனக்குக் கவலை. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்று மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் விடியும். அதாவது அலுவலகம் போவதும் வருவதும் இருட்டில். இதற்கு ஒரே வழி, வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதுதான். காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்றரை வரை அலுவலகம், மிச்சம் வீட்டிலிருந்து என்று கேளுங்கள். ஊனமுற்றோருக்கான 1990ஆம் ஆண்டு சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் நியாயமான மாற்றங்களைக் கேட்பது உங்கள் உரிமை. இங்கிருந்து கிளம்பும் முன்பே, டாக்டர் சான்றிதழோடு, மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அதே சட்டத்தின்படி, சாதாரண பஸ்ஸில் போக முடியாதவர்களுக்காகக் கோட்டா மெயின்ஸ்ட்ரீம் என்று ஒரு வேன் சேவை நடத்துகிறது. முந்தின நாளே சொல்லிவைத்தால் வந்து கூட்டிப்போவார்கள். “எனக்கு அவ்வளவு மோசமில்லையே, பகலில் பஸ்ஸில் போவேனே” என்று நினைத்து நம்மவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. சில பயணங்களுக்கு மட்டும் தகுதி தருவது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வகை இருக்கிறது. பகலில் பஸ், இருட்டிய பிறகு வேன் என்று கேட்கலாம். விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்து 21 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், சொல்லும்வரை உங்களைத் தகுதி உள்ளவராகவே நடத்த வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

பனியைப் பற்றி எல்லாரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. தொந்தரவு எங்கே என்றால், சாலையில் பனியைத் தள்ளிப்போகும் வண்டி அதையெல்லாம் கொண்டுவந்து ஓரத்தில் குவிக்கும், அந்த ஓரத்தில்தான் பஸ் ஸ்டாப் இருக்கும். முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. மறுநாள் அது கல்லாக இறுகிவிடும். பஸ் வந்து நிற்கும், நீங்கள் வரப்புக்கு இந்தப் பக்கம் நிற்பீர்கள். நடைபாதைப் பனியை அந்தந்த இடத்துக்குச் சொந்தக்காரர்தான் தள்ள வேண்டும், பாதிப் பேர் தள்ள மாட்டார்கள். அடியில் பிடிப்புள்ள பூட்ஸுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். பனி கொட்டிய மறுநாள் வெளியே போகாமல் வேலை பார்க்க முடிகிற ஏற்பாட்டையும் அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுச் சாமானுக்கு டப்ளின் போக வேண்டியதில்லை. பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேபாளி மக்கள் கொலம்பஸில் நிறையப் பேர். மோர்ஸ் ரோடு, கார்ல் ரோடு பக்கம் அவர்களுடைய மளிகைக் கடைகள் இருக்கின்றன. துவரம்பருப்பு, பச்சைமிளகாய், கடுகு எல்லாம் கிடைக்கும், பஸ்ஸிலேயே போகலாம். சிமேக்ஸில் போகும்போது சோமாலி மொழியும் நேபாளியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கார் இல்லாமல் அங்கே யாருமே இல்லை என்று சொல்பவர்கள் அந்த பஸ்ஸில் ஏறியதே இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பத்தில் மூன்று பேருக்கு லைசென்ஸ் கிடையாது. அவ்வளவு பேரையும் கணக்கில் எடுக்காமல் ஒன்பது லட்சம் பேர் வாழும் ஊரைக் கட்டிவைத்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் கோபம் வரும். 1979க்குப் பிறகு அந்த ஊருக்குப் பயணிகள் ரயில்கூட இல்லை. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து, பஸ்ஸுக்காக விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டிக்கொண்டார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அந்தப் புது விரைவுத் தடங்கள் வந்து சேர வருடங்கள் ஆகும், அவற்றை நம்பி வீடு பார்க்காதீர்கள்.

மகளின் பள்ளி. இதைச் சொல்லித்தான் உங்களை மறுபடி டப்ளினுக்கு இழுப்பார்கள். பெக்ஸ்லிக்கும் வொர்திங்டனுக்கும் தனித்தனிப் பள்ளி மாவட்டங்கள் உண்டு, இரண்டுக்கும் நல்ல பெயர். வொர்திங்டன் ஹை ஸ்ட்ரீட்டிலேயே வடக்கே இருக்கிறது, 102ஆம் எண் பஸ் அந்த வழியாகப் போகிறது. பெக்ஸ்லி டவுன்டவுனுக்கு இன்னும் பக்கம், வாடகை அதிகம். புதுக் கார் ஒன்றை வைத்திருக்க வருடத்துக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்று 2024ல் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் கணக்குச் சொன்னது. அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம். அதில் பாதியை வாடகையில் போடுங்கள், கொஞ்சத்தை உபருக்கு என்று ஒதுக்குங்கள், உபரில் போகும்போது மனசு அடித்துக்கொள்ளாது. கணவர் வந்து கார் ஓட்டுவார் என்றால் நல்லதுதான். ஆனால் அவர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் நீங்கள் தனியாகக் கடைக்கும் மகளின் பள்ளிக்கும் டாக்டரிடமும் போய்வர முடிகிற வீடாக அது இருக்கட்டும்.

ரைடே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பவல் என்ற ஊரில் இருக்கும் கோயில் பக்கத்து டெலவேர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), கோட்டா பஸ்கள் பெரும்பாலும் கொலம்பஸ் இருக்கும் ஃபிராங்க்லின் கவுண்டிக்குள்ளேயே நின்றுவிடும். அங்கே யாருடனாவது சேர்ந்துதான் போக வேண்டும். அன்றாடத் தேவைக்குக் கேட்காமல் இருந்தால், எப்போதாவது கோயிலுக்கோ விசேஷத்துக்கோ கேட்பது சுலபமாக இருக்கும், கூட்டிப்போகிறவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு, லைசென்ஸ் வழங்கும் பி.எம்.வி. அலுவலகத்திலேயே மாநில அடையாள அட்டை தருவார்கள். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், சீக்கிரம் வாங்கிவிடுங்கள். முதல் மாதத்துக்கு ஹை ஸ்ட்ரீட் பக்கம் தற்காலிகமாக ஒரு அறை எடுங்கள், இறங்கிய வேகத்தில் ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு மூன்று வீடுகள் தேறியதும் பக்கத்துச் சந்திப்பின் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள். பஸ் நேரத்தையும் சிக்னலையும் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா