மறுமொழி: வெங்காய நுனி கருகுது, கிணறும் உவர்க்குது

தைப்பொங்கல் கழிய நட்ட வெங்காயம் மாசியிலேயே நுனி கருகுது, மூன்று மணித்தியாலம் இறைத்தால் தண்ணீர் உவர்க்குது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கு ஓட முதல் இலையைக் கிட்டவாகப் பாருங்கோ. நடுவில் ஊதா நிறம் ஓடிய புள்ளி இருந்தால் பங்கசு. புள்ளியே இல்லாமல் எல்லா நுனியும் ஒரேமாதிரிக் காய்ந்து, வரம்பு ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்புத்தான்.

யாழ்ப்பாணத்து நீர்வேலி என்கிறீர்கள், கிழக்கே உப்பாற்றுக் கடல்நீரேரி. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் மாரிமழை நன்னீர் உவர்நீருக்கு மேலேதான் மிதக்கிறது, நவக்கிரி நிலாவரைக் கிணறும் அப்படித்தான், மேலே நன்னீர், ஆழத்தில் உவர். ஒரே மூச்சில் மெசினைப் போட்டு இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறிவரும். அதனால் கிணற்றுக்குள் விட்ட ஹோஸை மேலே தூக்கி வைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக, ஊற்று ஊற விட்டு இறையுங்கோ. பாத்தியைக் காயவும் விடாதீர்கள், செம்மண் காயக்காய வேரடியில் உப்பு இன்னும் இறுகும். தூவல் முறையில் இறைக்க வேண்டாம், இந்தத் தண்ணீர் இலையில் பட்டால் கருகல் கூடும். யூரியாவையும் இப்போதைக்கு நிறுத்துங்கோ, அதுவும் மண்ணில் உப்பைக் கூட்டும் (பிறகு அது கிணற்றுக்குள்தான் போய்ச்சேரும், குடிக்கிறதும் நாங்கள்தான்).

விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்துச் சோதிப்பியுங்கோ. முதல் இறைப்பில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டாக எடுத்தால் இன்னும் நல்லது.