குசினிக்குள் யாருக்குச் சம்பளம்? (கடிதம்)

அன்பின் அக்கா,

கல்லடிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மலேசியச் சாப்பாட்டுக் கடைக்குப் போன ஞாயிறு குடும்பத்தோடு போனோம். வீட்டு விறாந்தையில் நான்கே மேசைகள். முதலாளி பல வருடம் மலேசியாவில் சமையல் வேலை செய்தவராம். மனைவியும் மாமியாரும் குசினியில். பத்தாம் ஆண்டு படிக்கிற மகள் பள்ளிக்கூடக் கொப்பியை மூடி வைத்துவிட்டு வந்து ஓடர் எடுத்தாள், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நாசி லெமாக் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. சோறு ஒரு கிண்ணம் கவிழ்த்த அளவுதான். சம்பல் இனித்தது. ரெண்டாங் இறைச்சிக் கறி கேட்டால் முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு கோப்பை 1,200 ரூபாய், மேலதிகச் சோற்றுக்குத் தனியாக 150 ரூபாய். வீட்டு ஆட்களே சமைக்கிறார்கள், யாருக்கும் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை, பிறகு ஏன் இந்த விலை? நீங்கள் கொஞ்சக் காலம் மலேசியாவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்: நாசி லெமாக் உண்மையிலேயே இப்படித்தான் இருக்குமா? இணையத்தில் ஒரு விமர்சனம் போடலாம் என்றிருக்கிறேன்.

ர., ஆரையம்பதி

அன்புள்ள தம்பி,

இப்படித்தான் இருக்கும். சம்பலும் இனிக்கும். செத்தல் மிளகாயை ஊறவைத்து, வெங்காயத்தோடு அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு, அந்த எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை தாச்சியை விட்டு நகராமல் கிண்ட வேண்டும். பிறகு புளி, சீனி. அதற்குள் பெலாச்சான் விழும். நம் கூனியைப் போன்ற பொடி இறாலை உப்பிட்டு, இடித்து, வெயிலில் காயவைத்து, நொதிக்க விட்டுக் கட்டியாக்குவார்கள். கூனிச் சுண்டல் தின்று வளர்ந்த ஆரையம்பதிக்காரர் நீங்கள், இனிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வாசத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

சோற்றின் அளவும் சரிதான். நாசி லெமாக் அங்கே முதலில் காலைச் சாப்பாடு. ரம்பை போட்டுத் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, அந்தச் சம்பல், பொரித்த நெத்தலி, வறுத்த கச்சான், அவித்த முட்டை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய். வாழையிலையில் பொட்டலம் கட்டி வேலைக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். 2024 இல் யுனெஸ்கோ மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது ரொட்டி சானாயோடும் தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீரோடும் இதுவும் அதில் இருந்தது. நீங்கள் மத்தியானப் பசியோடு போய்க் கல்யாண வீட்டுச் சோற்றைத் தேடியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் காக்க வைத்தது பிழைதான். அதை விடுங்கள்.

"யாருக்கும் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விசயம் இது. எங்கள் ஒழுங்கையில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கே அடுப்பு எரியும். மாவு விலை ஏறிவிட்டது, இடியப்பத்துக்கு ஒரு ரூபாய் கூட்டித் தாருங்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, "வீட்டில இருந்துதானே அவிக்கிறீங்க" என்று கடைக்காரர் சொன்னாராம். நீங்கள் எழுதியிருப்பதும் அதே பேச்சுத்தான், கொஞ்சம் படித்த தமிழில்.

என் பெரியம்மாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், இருந்த காலம்; கச்சேரிக் கிளாக்கர்மார் மத்தியானம் வந்து சாப்பிடுவார்கள். கடை என்றால் வீட்டின் முன் அறைதான். பெரியப்பா காசு லாச்சிக்கு முன்னால் இருப்பார், பெரியம்மா அடுப்புக்கு முன்னால். பெரியப்பா கணக்கில் கெட்டிக்காரர். அரிசி, தேங்காய், மீன், விறகு, கோப்பை கழுவுகிற பொடியனின் நாட்கூலி எல்லாம் நீட்டுக் கொப்பியில் முத்து முத்தாக இருக்கும். இரவில் கூட்டிக் கழித்து "இண்டைக்கு இவ்வளவு லாபம்" என்பார். பள்ளி விட்டு வந்து பின் வாசலில் குந்தியிருக்கும் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டால் பெரியம்மா சொல்லுவா, "நான் மறுகா தின்னுறன், நீங்க தின்னுங்க மனே."

ஒருமுறை பெரியம்மா வருத்தமாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டா. கடையை மூட மனமில்லாமல் பெரியப்பா ஒரு சமையல்காரரைப் பிடித்தார். அவர் சம்பளம் கேட்டார், சாப்பாடு கேட்டார், போயா நாளில் லீவும் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். மாதக் கடைசியில் பெரியப்பா திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். லாபம் என்று ஒரு சதம் இல்லை. அரிசி விலை ஏறவில்லை, ஆட்களும் குறையவில்லை. அத்தனை வருடமும் லாபம் என்று அவர் லாச்சிக்குள் போட்டுப் பூட்டியது முழுக்கப் பெரியம்மாவின் சம்பளம். பெரியம்மா எழும்பி வந்ததும் கடை பழையபடி "லாபத்தில்" ஓடியது. கொப்பியில் அவவுக்கென்று ஒரு வரி கடைசிவரை விழவில்லை. பெரியப்பா கெட்டவரில்லை, எங்களுக்கெல்லாம் சைக்கிள் வாங்கித் தந்த மனிதர். அவர் கண்ணுக்கே அது தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உங்களுக்குக் கிடைக்காத அந்த ரெண்டாங்கை எடுத்துக்கொள்வோம். சிரம்பானில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரி சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கொச்சிக்காயும் மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் அரைத்துப் போட்டு, மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் ஏற்றினால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பால் வற்றி, எண்ணெய் கக்கி, அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட வேண்டும். அதற்கிடையில் தேங்காய்ப்பூவை வெறும் தாச்சியில் கபில நிறமாகும்வரை வறுத்து, எண்ணெய் விடும்வரை உரலில் இடித்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். கை நின்றால் அடிப்பிடிக்கும். கோழி என்றால் நேரம் குறையும், கை நோவு குறையாது. காலையில் ஒரு சட்டி வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். "முடிந்துவிட்டது" என்று அவர்கள் சொன்னது நல்ல கடையின் அடையாளம். முதல் நாள் மிச்சத்தைச் சூடாக்கித் தந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கவா போகிறது?

ரெண்டாங் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய சமையல். அவர்களில் ஒரு பகுதியினர் வந்து குடியேறிய இடம்தான் சிரம்பான் இருக்கிற நெகிரி செம்பிலான். அங்கேயும் பரம்பரைக் காணியும் வீடும் பெண்வழியாகத்தான் இறங்கும். நம் பக்கத்துக் குடிவழி மாதிரியேதான். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும், தமிழ் ஆட்களோ முஸ்லிம் ஆட்களோ, மகளுக்கு வீடு கொடுத்துத்தானே கல்யாணம் பேசுகிறோம்? மாமியார் குசினியில் நிற்கிறா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் இருந்து சாப்பிட்ட விறாந்தை அநேகமாக அந்த மனைவியின் சீதன வீட்டு விறாந்தை. வீடு அவவுடையது, அடுப்பு அவவுடையது, கை நோவு அவவுடையதும் தாயுடையதும். முதலாளி மட்டும் அவர்! ஒரு குடும்பத்தைச் சந்தித்து வந்து, அதில் யார் முதலாளி என்பதை எவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிட்டீர்கள் பாருங்கள்.

அந்தப் பிள்ளை கொப்பியை மூடிவிட்டு வந்தது உங்களுக்கு அழகாக இருந்திருக்கிறது. பத்தாம் ஆண்டு என்றால் சாதாரண தரப் பரீட்சை அடுத்த வருடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு மேசைக்கு ஓடித் திரிகிற பிள்ளை இரவில் எத்தனை மணிக்குப் படிக்கும்? ஒரு பொடியனைச் சம்பளத்துக்கு வைத்தால் அவள் படிக்கலாம். வைத்தால் நாசி லெமாக் 1,200 ரூபாய்க்கு நிற்காது. அப்போது நீங்கள் போவீர்களா? போகமாட்டீர்கள். பாசிக்குடாவில் பெரிய ஹோட்டலில் இதைவிடச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, மேலே வரியும் சேவைக் கட்டணமும் ஏற்றிக் கொடுத்தால் வாய் திறக்காமல் கட்டிவிட்டுப் படம் எடுத்துப் போடுவீர்கள். நம் ஆட்களிடம் நான் பார்த்த வியாதி இது. தெரிந்த ஆள் என்றால் விலை குறைய வேண்டும், அதுவும் பெண் சமைத்தால் இன்னும் குறைய வேண்டும்.

2022 இல் எரிவாயுவுக்கு வரிசை நின்றதையும், பிறகு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றதையும் நீங்களும் பார்த்தவர். அப்படியொரு காலத்துக்குப் பிறகும், சோற்றைக்கூடத் தேங்காய்ப்பாலில் அவிக்கிற ஒரு கடையைத் துணிந்து திறந்திருக்கிறார்கள். எனக்கு அவர்களை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கோபிக்காதீர்கள் தம்பி. ஒரு பிடி சோற்றைப் பற்றி இவ்வளவு கவனமாகக் கடிதம் எழுதுகிற ஆள் எனக்குப் பிடித்தமானவர்தான். விமர்சனம் போடுவது உங்கள் இஷ்டம். காத்திருந்ததை எழுதுங்கள், சம்பல் இனித்ததையும் எழுதுங்கள். சம்பளம் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை முதல் நாளே தொலைபேசியில் ரெண்டாங்குக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள், முடிந்தால் சனி ஞாயிறு இல்லாத ஒரு நாளில்.

மேலதிகச் சோற்றுக்கு வாங்கிய 150 ரூபாய் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அன்புடன்,
அக்கா