வீட்டுக்குள் ஓர் ஓவிய மூலை: கேள்வி பதில்

வீட்டில் ஓவியம் வரைய இடம் ஒதுக்குவது பற்றியும், அந்த இடம் அன்றாட வீட்டு வேலைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருப்பது பற்றியும் வந்துள்ள கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். நீர்வண்ணம், அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் ஆகிய மூன்றும் எனக்குப் பழக்கமானவை. தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை: எண்ணெய் வண்ணம் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். எனக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தில் ஒரு மூலையை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்: பெரும்பாலோர் அலமாரி வாங்குவதில் தொடங்குகிறார்கள். அலமாரி கடைசியில் வர வேண்டியது. தண்ணீர் எங்கிருந்து வரும், அழுக்குத் தண்ணீர் எங்கே போகும், வெளிச்சம் எந்தப் பக்கம், வீட்டைப் பெருக்கும்போது உங்கள் மேசையை நகர்த்த வேண்டியிருக்குமா என்ற நான்கையும் முதலில் பாருங்கள். தினமும் பெருக்குவதற்காக நகர்த்தப்படும் மேசை, ஒரு மாதத்தில் துணி மடித்து வைக்கும் மேசையாகிவிடும். பிறகு அதை மீட்பது கடினம். ஆகவே நடைபாதையில் இல்லாத, சமையலறை வாசலுக்கு நேராக இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். தாளிப்புப் புகையில் வரும் எண்ணெய்ப் பிசுக்கு தாளின் மீது படிந்தால் அந்த இடத்தில் நீர்வண்ணம் ஒட்டாமல் விலகி நிற்கும்.

பழைய தையல் இயந்திர மேசை இருந்தால் அதுவே போதும். காய்கறி வைக்கும் சக்கர ரேக்கின் மேல் தட்டில் தூரிகைகளும் நடுத்தட்டில் வண்ணங்களும் கீழ்த்தட்டில் இரண்டு சிறு வாளிகளும் வைத்தால், வேலை முடிந்ததும் அப்படியே தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடலாம். வாளி இரண்டு வேண்டும்: தூரிகை கழுவ ஒன்று, வண்ணம் கரைக்க நல்ல தண்ணீருக்கு ஒன்று. வீட்டைப் பெருக்கித் துடைத்து, தூசி அடங்க அரை மணி நேரம் விட்டு, அதன் பிறகு ஈர வேலையைத் தொடங்குங்கள். வார்னிஷ் பூசும் நாளில் இது கட்டாயம்; அது காயும் வரை மின்விசிறியும் ஓடக் கூடாது.

கேள்வி (கோயம்புத்தூர்): ஓவியக்கூடத்துக்கு வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது என்று எல்லா நூல்களிலும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அமைந்திருக்கிறது. அங்கேயே மேசை போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அந்த விதி ஐரோப்பாவில் எழுதப்பட்டது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர்வெயில் விழாமல் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். நாம் இருப்பது கடக ரேகைக்குத் தெற்கே. கோவையில் ஏறத்தாழ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் உங்கள் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் வரும்.

கேள்வி (கோயம்புத்தூர், மீண்டும்): மன்னிக்கவும் ஐயா, பல வருடங்களாக அந்த ஜன்னலருகில் உட்காருகிறேன். ஜூன் மாத நண்பகலிலும் வெயில் உள்ளே விழுந்ததில்லை.

பதில்: நண்பகலில் விழாது, அதற்குக் காரணம் உங்கள் சன்ஷேடு. ஜூன் 21 அன்றுகூட கோவையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 77 பாகை உயரத்தில், அதாவது உச்சிக்குச் சற்றே வடக்கில் இருப்பதால், இரண்டடி சன்ஷேடு ஜன்னல் முழுவதற்கும் நிழல் தந்துவிடும். நான் சொல்வது காலை எட்டு மணியையும் மாலை நான்கரை மணியையும். மார்ச் 21க்குப் பிறகு செப்டம்பர் 23 வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே தள்ளி உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே தள்ளி மறைகிறது. அந்தச் சாய்ந்த வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. ஜூன் மாதத்தில் ஒரு காலை ஜன்னல் கட்டையைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இங்கு எங்கள் வடக்கு ஜன்னலில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்தே காலை வெயில் படுகிறது. நீங்கள் இருவரும் எதைப் பற்றி வாதிடுகிறீர்கள் என்று விளங்கவில்லை.

பதில்: நீங்கள் கோவைக்கும் தெற்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்குக்கு மாறுவது ஏப்ரல் நடுவில், திரும்புவது ஆகஸ்ட் இறுதியில். காலை வெயில் அதற்கும் முன்பே வரத் தொடங்கியிருக்கும்.

கேள்வி (மயிலாப்பூர்): திசை எதுவானால் என்ன? என் ஜன்னலுக்கு ஆறடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் இளம்பச்சைச் சுவர்தான் இருக்கிறது.

பதில்: இத்தனை நேரம் நாங்கள் பேசியதைவிட இது முக்கியமான கேள்வி. அந்தச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் முழுவதிலும் பச்சை கலந்திருக்கும். அதன் கீழே சரியாகத் தெரியும் தோல் நிறம், படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் சிவந்து போயிருக்கும். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போட்டாலும் பச்சை போகாது. பகலிலும் விளக்கை நம்புங்கள்: ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்ல சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் 90க்குக் குறையாத எல்.ஈ.டி. விளக்கு. வலக்கைக்காரர் என்றால் இடப்பக்க மேலிருந்து வெளிச்சம் விழட்டும். இல்லையென்றால் உங்கள் கையின் நிழலே கோட்டை மறைக்கும். கோவை நண்பருக்கும் இதையே சொல்கிறேன். வெயில் விழும் அந்தச் சில மணி நேரத்தில் திரையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். மேசையை மாற்ற வேண்டாம்.

கேள்வி (மதுரை): வாஸ்துப்படி ஈசான்ய மூலையில் வரையலாமா?

பதில்: அது என் துறை அன்று. அந்த மூலையில் குழாயும் வெளிச்சமும் இருந்தால் வரையுங்கள்.

கேள்வி (திருச்சி): அக்ரிலிக் கழுவிய தண்ணீரைச் சமையலறை சிங்கில் ஊற்றலாமா?

பதில்: ஊற்றக் கூடாது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் பிளாஸ்டிக். குழாய் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து படிந்து அடைத்துக்கொள்ளும். சாக்கடைக்குப் போனாலும் பிளாஸ்டிக்காகவே போகும். நம் வீடுகளில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுவோம் அல்லவா, அதே வழி இதற்கும் பொருந்தும். தூரிகையை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு வாளியில் கழுவுங்கள். வாளி நிறைந்ததும் சிறிது படிகாரத்தைப் பொடித்துப் போட்டு, கலக்கி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். காலையில் வண்ணம் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கியிருக்கும். மேல் தண்ணீரைப் பழைய பருத்தித் துணியில் வடிகட்டிக் கழிப்பறையில் ஊற்றுங்கள். துணியில் தங்கும் சேற்றை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். செடிகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும்.

கேள்வி (வேலூர்): வாஷ்பேசினில் ஊற்றலாமா?

பதில்: சிங்குக்குச் சொன்னதுதான் வாஷ்பேசினுக்கும்.

கேள்வி (கும்பகோணம்): தஞ்சாவூர் ஓவியம் பழகுகிறேன். சாக் பவுடர் கலவை மீந்துவிட்டால் சிங்கில் ஊற்றலாமா? தங்க இதழ் ஒட்டும்போது பறக்கிறது.

பதில்: சிங்க் என்ற சொல்லை இனிக் கேட்க வேண்டாம். மீந்த கலவையைச் செய்தித்தாளில் வழித்துக் காயவிட்டு எறியுங்கள். இந்தக் கலையின் நுணுக்கங்களை அதைக் கற்பிப்பவரிடம்தான் கேட்க வேண்டும். வீட்டைப் பற்றியதை மட்டும் சொல்கிறேன். உப்புத்தாள் தேய்க்கும்போது எழும் வெள்ளைத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது வீடெங்கும் பறந்து மீண்டும் படியும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இதழ் ஒட்டும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள்.

கேள்வி (சேலம்): எண்ணெய் வண்ணத் துணியைப் பற்றி ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னீர்கள்?

பதில்: எண்ணெய் வண்ணத்தில் பெரும்பாலும் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்படிச் சேரும்போது வெப்பம் வெளியாகும். துணியை விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிக் கூடையிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி ஏறி, நெருப்பின் தொடர்பே இல்லாமல் சில மணி நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கக் கூடும். பால்கனிக் கொடியில் தனித்தனியாக விரித்து, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் முழுவதும் அமிழ்த்தி வையுங்கள். எண்ணெய் வண்ணத்தை இளக்கும், எளிதில் தீப்பற்றும் டர்பன்டைன் பாட்டில் அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் அருகில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாது. அந்தத் துணிகளைத் துவைத்து டிரையரில் போடலாமா?

பதில்: போடவே கூடாது. துவைத்த பின்பும் எண்ணெய் முழுவதும் போவதில்லை. டிரையரின் சூடு அது தீப்பிடிக்கத் துணை செய்துவிடும். ஜன்னல் திறக்க முடியாத மாதங்களில் டர்பன்டைனைத் தவிர்த்து, அக்ரிலிக்கிலோ தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணத்திலோ வரையுங்கள். அந்த எண்ணெய் வண்ணத்திலும் உலரும் எண்ணெய் உண்டு. துணி பற்றிய விதி மாறாது.

கேள்வி (கடலூர்): மழைக்காலத்தில் தாள்களில் பூஞ்சை பிடிக்கிறது. பாச்சை உருண்டை போட்டும் பயனில்லை.

பதில்: பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சை அதைக் கண்டுகொள்ளாது. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் தாள் வைக்காதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். துணி உலர்த்தும் அறையில் தாள் இருக்கவே கூடாது. தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் வைத்து, பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். சட்டம் போட்ட படங்களின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பூஞ்சை பிடித்த தாளை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே நிழலில் நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): மகளின் பள்ளிச் சீருடையில் அக்ரிலிக் பட்டுவிட்டது.

பதில்: ஈரமாக இருந்தால் உடனே குளிர்ந்த நீரும் சோப்பும். காய்ந்துவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றிப் பாருங்கள். முதலில் உள்மடிப்பில் சோதித்து, துணியின் சாயம் போகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். முழுவதும் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஈரோடு): வண்ணம் கலக்கச் சமையலறைக் கிண்ணங்களைப் பயன்படுத்திவிட்டுக் கழுவி வைக்கலாமா?

பதில்: கூடாது. எடுத்தது எடுத்ததுதான். அடியில் நகப்பூச்சால் ஒரு பட்டைக் கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியட்டும்.

கேள்வி (அம்பத்தூர்): சமையல், துவையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடிந்தால் இரவு பத்து மணி. எப்போது வரைவது?

பதில்: தொடர்ந்து இரண்டு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது, அம்மா. நீர்வண்ணத்தில் பாதி நேரம் காய்வதற்குக் காத்திருப்பதுதான். இரவே தாளைப் பலகையில் ஒட்டிப் பென்சில் கோடு முடித்து வையுங்கள். காலையில் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வானத்துக்கு முதல் பூச்சு கொடுங்கள். சோறு வெந்து, சாம்பார் தாளித்து, டிபன் டப்பா கட்டி முடிப்பதற்குள் அது காய்ந்து இரண்டாம் பூச்சுக்குத் தயாராக இருக்கும். இதற்கு மேசை எப்போதும் விரித்தபடியே இருக்க வேண்டும். தாம்பரத்துக்கு எழுதிய பதிலில் மேசையை நகர்த்த வேண்டியில்லாத மூலையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி (புதுச்சேரி): வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தண்ணீர் என்று நினைத்து என் டர்பன்டைனைக் கொட்டிவிட்டார். எப்படிச் சொல்வது?

பதில்: அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை, அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தது யார்? கடையில் வந்த டப்பாவிலேயே, பெயர் தெரியும்படி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கொட்டியதோடு போயிற்று, யாரேனும் குடித்திருந்தால் நிலைமை வேறு. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனெனில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மூலையைத் துடைப்பதையும் இனி நீங்களே செய்யுங்கள்.