18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

வெளியிலிருந்து வந்ததும் ஏசியை 18-ல் வைக்கிறேன். வேகமாகக் குளிரும்தானே?

இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) அல்லாத ஏசி என்றால், வேகமாகக் குளிராது. அதில் உள்ள தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்த வேலை இரண்டே: கம்ப்ரஸரை ஓட விடுவது, நிறுத்துவது. ஓடும்போது முழு வேகத்தில்தான் ஓடும். 30 டிகிரியில் இருக்கும் அறை 24-க்கு இறங்க, நீங்கள் 24-ல் வைத்தாலும் 18-ல் வைத்தாலும் ஒரே நேரம்தான் ஆகும். 18-ல் வைத்தவர் அதை மறந்துவிட்டு, அப்புறம் போர்வையைத் தேடுவார், அவ்வளவுதான். ஹீட்டருக்கும் இதே கதை.

24-ல் வைத்திருக்கிறேன். ஆனால் வெப்பமானி 23-க்கும் 25-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. கோளாறா?

இல்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. 24-ஐத் தாண்டினால் ஆன், தொட்டால் ஆஃப் என்று வைத்தால், கம்ப்ரஸர் நொடிக்கொரு தரம் நின்று நின்று கிளம்பி, சீக்கிரமே பழுதாகும். அதனால் உதாரணத்துக்கு 24.5-ல் ஓடத் தொடங்கி 23.5-ல் நிற்கும்படி அமைக்கிறார்கள். இடைவெளியைக் குறைத்தால் வெப்பம் சீராக இருக்கும், ஆனால் இயந்திரம் அடிக்கடி கிளம்ப வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

நீங்கள் பார்க்கும் ஊசல் அந்த ஒரு டிகிரியையும் மீறுகிறதே என்றால், அதற்குக் காரணம் தாமதம். கம்ப்ரஸர் நின்ற பிறகும் குளிர்ந்த காயில் (coil, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) சற்று நேரம் குளிர்ச்சி தரும். சென்சாரும் அறையின் மாற்றத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் உணரும். சூடாக்கும் பக்கத்தில் இதற்கு ஓர் அழகான வைத்தியம் இருந்தது: சூட்டில் வளைந்து சுவிட்சை இயக்கும் பழைய இரட்டை உலோகப் பட்டை தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு குட்டி மின்தடையை வைத்தார்கள். ஹீட்டர் ஓடும்போது அதுவும் சூடாகிப் பட்டையை ஏமாற்றும். அறை குறித்த அளவை எட்டும் முன்பே ஹீட்டர் அணையும், மிச்சச் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அணைத்துவிட்டு உடனே போட்டால் சில நிமிடம் காற்று மட்டும் வருகிறதே?

கம்ப்ரஸரின் இரு பக்க அழுத்தமும் சமமாகும் வரை ஏசி காத்திருக்கிறது. பெரும்பாலும் 3 நிமிடம். பொறுத்திருங்கள், ரிமோட்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய ஏசியாக வாங்கலாமா?

வேண்டாம். அறை மளமளவென்று குளிர்ந்து தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பும். காற்றின் ஈரம் வடிய காயில் தொடர்ந்து குளிர்ந்திருக்க வேண்டும். அதற்கு அவகாசமே கிடைக்காததால், எண் சரியாக இருந்தும் அறை பிசுபிசுவென்று இருக்கும்.

சுவர் தெர்மோஸ்டாட்டை எங்கே பொருத்துவது?

உட்சுவரில், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில். வெயில், விளக்கு, டிவி, காற்றுத் துவாரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

இரண்டு மணி நேரம் வெளியே போனால் அணைக்கலாமா? மறுபடி குளிரவைக்க அதிக மின்சாரம் ஆகுமாமே?

தாராளமாக அணையுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வேகமாக வெளிச்சூடு உள்ளே வரும். அறை சூடேற ஏற அந்த வரத்து குறைகிறது. திரும்பி வந்ததும் கம்ப்ரஸர் ஒரே மூச்சாக நீண்ட நேரம் ஓடுவதைப் பார்த்துத்தான் செலவு கூடியதாகத் தோன்றுகிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் அது ஓடாததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.